சாமிகலைச்சான் செம்பியன்

செம்பியனுக்குக் கை தட்டத் தெரியாது. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், கை தட்டுவதில் தெரியாமல் போக என்ன இருக்கிறது என்பார்கள். அவனோடு ஒரு பிறந்தநாள் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். நாற்பது பேர் ஒன்றாகத் தட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த நாற்பது பேரும் கையை விரித்திருக்கும் நேரமாகப் பார்த்து இவன் ஒரு தட்டு தட்டுவான். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் நிற்பவருக்குக் குழம்பும், பிறகு அவருக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு. கடைசியில் மெழுகுவத்தியை எப்போது ஊதுவது என்று தெரியாமல் குழந்தை அழ ஆரம்பிக்கும்.

இப்படிப்பட்டவனுக்குப் பிழைப்பே தாளம் போடுவதுதான். வடபழனியில் மெஹபூப் அலி பாய் நடத்தும் ரெக்கார்டிங் ஸ்டுடியோவில், கம்ப்யூட்டரில் டிரம்ஸ் அடிக்கிறான். அடிக்கிறான் என்பதுகூடத் தப்பு, வரைகிறான். சீரியலில் மாமியார் கதவைத் திறந்ததும் 'டும்' என்று ஒன்று விழுமே, அதில் பாதி இவன் வைத்தது. நகைக்கடை விளம்பரம், பக்திப் பாட்டு, ஜிம்மில் ஓடும் பாட்டு என்று ஊரெல்லாம் இவன் தாளம் ஓடிக்கொண்டிருக்கிறது. அவனை மட்டும் எந்த பஜனையிலும் உட்கார விடுவதில்லை.

நான் ஆனந்தகுமார். மயிலாப்பூரில் கால்வாய்க் கரையை ஒட்டிய தெருவில் முப்பது வருடமாக மைக் செட் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் என் ஸ்பீக்கர்தான். செம்பியனைப் பற்றித் தெருவில் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்கிறார்கள், பத்தும் தப்பு. போன ஆடி மாதம் நடந்ததை இப்போதே ஆளுக்கொரு கதையாக மாற்றிவிட்டார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. அன்றைக்கு மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான், எனக்குத் தெரியாமல் இவர்களுக்கு என்ன தெரிந்துவிடப் போகிறது.

முதலில் பழைய கதையைச் சொல்லிவிட வேண்டும். செம்பியனின் அப்பா தணிகாசலம் பம்பைக்காரர். ஆடியில் எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை, கரகத்துக்கு முன்னால் பம்பை அடித்துக்கொண்டு வருவார். அந்தக் காலத்தில் கரகத்தைக் கால்வாய்க் கரையில் ஜோடித்தார்களாம். கால்வாய் இப்போது இருக்கும் இருப்பில் அம்மனே மூக்கைப் பொத்திக்கொள்வாள் என்பதால் தெருமுனை அடிபம்புக்கு மாற்றி ரொம்ப நாளாகிறது. அங்கே பம்பை அடிக்க அடிக்க, எங்கள் தெரு சுப்பம்மாவுக்கு அருள் வரும். வந்ததும் கரகத்தைத் தலையில் ஏற்றுவார்கள். அது கோயிலுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் கூழ். அருள் வராமல் கரகம் நகராது, கரகம் நகராமல் ஒரு சொட்டுக் கூழ் யாருக்கும் கிடையாது.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், கரகம் பாதி வழி வந்தபோது தணிகாசலத்துக்கு விக்கல் எடுத்துவிட்டது. பம்பைக்காரருக்கு விக்கல் எடுத்தால் தாளத்துக்கும் விக்கல் எடுக்கும். "ரெண்டு நிமிஷம் புடிடா" என்று பம்பையைப் பதினாலு வயது செம்பியன் இடுப்பில் கட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். செம்பியன் அடித்தான். எட்டாவது அடியோ ஒன்பதாவது அடியோ, ஆடிக்கொண்டு வந்த சுப்பம்மா நின்றாள். கண்ணைத் திறந்தாள். கரகம் சாய்ந்தது, நாலு பேர் பாய்ந்து பிடித்தார்கள். ரேஷன் கடையில் பேசுவது போன்ற சாதாரணக் குரலில், "எவன்டா அடிக்கிறது?" என்று கேட்டாள்.

அம்மன் பாதி வழியிலேயே மலையேறிவிட்டாள் என்று தெருவே தலையில் கை வைத்தது. அன்றிலிருந்து செம்பியனுக்கு 'சாமிகலைச்சான்' என்று பெயர். அந்த வருடம் மழை பொய்த்தது, அதற்கு அவன்தான் காரணம். பிறகு ஒரு வருடம் கொட்டித் தீர்த்து வீட்டுக்குள் தண்ணீர் வந்தது, அதற்கும் அவன்தான். நடுவில் ஒரு வருடம் அளவாகப் பெய்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

பள்ளிக்கூடம் முடித்ததும் நான்தான் அவனை மெஹபூப் பாயிடம் சேர்த்துவிட்டேன். ஒயர் சுருட்டுவது, டீ வாங்கி வருவது என்று ஆரம்பித்தான். ஒருநாள் அங்கே திரையில் தாளம் வரைவதைப் பார்த்திருக்கிறான். பதினாறு கட்டம், ஒரு வரிசை பெரிய டிரம்முக்கு, ஒரு வரிசை சின்ன டிரம்முக்கு, ஒரு வரிசை தாளத்தட்டுக்கு. எந்தக் கட்டத்தில் புள்ளி வைக்கிறோமோ அந்த நேரத்தில் அந்த அடி விழும். அன்று மாலை என் கடைக்கு ஓடி வந்தான், முகமெல்லாம் வேர்வை.

"எல்லாரும் மனசுல வாங்கு, மனசுல வாங்குன்னாங்கண்ணா. எங்கேர்ந்து வாங்கறதுன்னு ஒருத்தனும் சொல்லல. இங்க பார்த்தா ஒவ்வொரு அடிக்கும் டோர் நம்பர் கீது."

அதன்பிறகு அவனை யாராலும் பிடிக்க முடியவில்லை. காதால் முடியாததைக் கண்ணால் செய்தான். தபேலா, தவில், மேல்நாட்டு டிரம்ஸ் எல்லாவற்றையும் கட்டம் கட்டமாகப் பிரித்துப் போட்டுப் பார்த்தான். ஒவ்வொரு அடியும் எவ்வளவு பலமாக விழ வேண்டும் என்பதைக் குச்சி குச்சியாக உயரம் குறைத்து, ஏற்றி வரைந்தான். மெஹபூப் பாய் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "தம்பி, இதை அடிச்ச ஆள் யாரு, எனக்கு நம்பர் குடு" என்று கேட்டாராம். அடித்த ஆள் டீ கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தான்.

இவ்வளவு ஊர் இருக்க, காதலித்தது சுப்பம்மாவின் மகள் ஜோதிலட்சுமியை. அவள் தி. நகரில் ஒரு பாத்திரக்கடையில் பில் போடுகிறாள். கணக்காகப் பேசுவாள், பேசியதிலிருந்து பின்வாங்க மாட்டாள். சுப்பம்மா மூன்று நாள் சாப்பிடாமல் இருந்து பார்த்துவிட்டு, நாலாம் நாள் பிரியாணி வாசனையில் இறங்கி வந்தாள். ஒரே நிபந்தனை: மாப்பிள்ளை வாழ்நாளில் எந்த மேளத்தையும் கையால் தொடக் கூடாது. செம்பியன் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தான்.

கல்யாணமாகிப் பதினொரு வருடமாகிறது, மாமியாரும் அவர்களோடுதான் இருக்கிறாள். ஆனால் மாப்பிள்ளையிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. எல்லாம் மகள் வழியாகத்தான். மகள் வேலைக்குப் போயிருந்தால் ஃப்ரிட்ஜ் வழியாக. ஒருநாள் மதியம், செம்பியனிடம் ரிப்பேருக்குக் கொடுத்திருந்த ஆம்ப்ளிஃபயரை வாங்க நான் அங்கே போனபோது என் கண்ணால் பார்த்தேன்.

சுப்பம்மா ஃப்ரிட்ஜைப் பார்த்து, "அவுருக்குச் சோறு போடட்டுமான்னு கேளு" என்றாள்.

செம்பியனும் ஃப்ரிட்ஜைப் பார்த்து, "இன்னும் பத்து நிமிஷம் ஆவும்னு சொல்லு" என்றான்.

"கொயம்பு ஆறிடும்னு சொல்லு."

"சுட வச்சிக்கிறேன்னு சொல்லு."

நான் வந்த வேலையை மறந்து ஃப்ரிட்ஜ் என்ன சொல்லப் போகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெளியிலிருந்து பார்க்கச் சிரிப்பாக இருக்கும். செம்பியனுக்குச் சிரிப்பாக இல்லை. ஒருநாள் அவன் மகளைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு வந்து என் கடையில் உட்கார்ந்தான். "வேன்காரன் எம்பொண்ண இன்னான்னு கூப்புட்றான் தெரிமாண்ணா? சாமிகலைச்சான் பொண்ணுன்னு. எனக்கு ஒண்ணும் வேணாம். இந்தப் பேரு எங்கூடவே போயிட்டாப் போதும்" என்றான். வேன்காரனை நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்தேன், ஆனால் தெரு முழுவதையும் போய்க் கேட்க முடியுமா?

மூன்று வருடத்துக்கு முன்னால் என்னிடம் ஒரு நல்ல மைக் இரவல் வாங்கி, அப்பாவை என் கடையிலேயே உட்கார வைத்துப் பம்பையைப் பதிவு செய்தான். பாட்டாக அல்ல, ஒற்றை ஒற்றை அடியாக. ஒரு அடி, நிறுத்தம். இன்னும் கொஞ்சம் மெதுவாக ஒரு அடி, நிறுத்தம். இப்படி அறுபத்து நான்கு. தணிகாசலத்துக்குப் பொறுமை போய்விட்டது. "அடிச்சா அடிச்சிக்கினே இருக்கணும்டா. இது இன்னாடா, பைத்தியக்காரன் கதவத் தட்ற மாதிரி" என்று கத்தினார். அதுவும் பதிவாகிவிட்டது. போன பங்குனியில் அவர் காலமானார்.

அவர் போன பிறகு அந்த ஆடிதான் முதல் திருவிழா. வெள்ளைச்சாமி என்பவரின் பம்பைக் குழுவைப் பேசியிருந்தார்கள். ஆடி மாதத்தில் பம்பைக்காரர்களுக்கு இருக்கும் கிராக்கி கல்யாண சீசனில் சமையல்காரர்களுக்குக்கூடக் கிடையாது. வெள்ளைச்சாமி காலை ஆறு மணிக்குத் திருவான்மியூரில் ஒரு கோயில், ஒன்பதுக்கு எங்கள் கோயில் என்று ஒப்புக்கொண்டிருந்தார்.

ஒன்பது மணிக்குக் கரகம் தயார். வேப்பிலையும் பூவும் சுற்றி அடிபம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. சுப்பம்மா மஞ்சள் சேலை கட்டி, நெற்றி முழுக்கக் குங்குமம் இட்டு நின்றாள். நானூறு பேர் சொம்போடும் தூக்கோடும் காத்திருந்தார்கள். ஒன்பதரை ஆயிற்று. நான் வெள்ளைச்சாமிக்குப் போன் போட்டேன். பின்னால் பம்பைச் சத்தம் காதைப் பிளந்தது.

"அண்ணே, நாங்க ரெடிதான்," என்று கத்தினார் வெள்ளைச்சாமி. "இங்க ஆத்தா மலையேற மாட்டேங்குது. காலைல வந்தது. எலுமிச்சம்பழம் பத்து குடுத்தாச்சு, கற்பூரம் குடுத்தாச்சு. ஆடிக்கினே கீது. ஆத்தா ஆடும்போது அடிய நிறுத்திட்டுக் கெளம்ப முடியுமா, நீயே சொல்லு."

முடியாது. அது எனக்கும் தெரியும். "சுமாரா எவ்ளோ நேரம் ஆகும்?" என்று கேட்டேன்.

"அத நான் எப்டி ஆத்தாகிட்ட கேக்கறது?" என்று போனை வைத்துவிட்டார்.

பாதுகாப்புக்கு வந்திருந்த போலீஸ்காரர் வாட்சைப் பார்த்தார். பன்னிரண்டு மணி வரைதான் தெருவை மறிக்க அனுமதி. தெருவுக்குள் திட்டு ஆரம்பித்தது. யாரோ ஒரு புத்திசாலி, போனில் பம்பைப் பாட்டு கிடைக்கும் என்று என் மிக்ஸரில் போனைச் செருகினான். பம்பை முழங்கியது. சுப்பம்மா கண்ணை மூடினாள். கை லேசாக நடுங்கியது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அப்போது பம்பை நின்று, "முடி கொட்டுகிறதா? கவலையை விடுங்கள்" என்று ஒரு பெண் குரல் எட்டு ஸ்பீக்கரிலும் கேட்டது.

சுப்பம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு இருந்த கொஞ்ச முடியும் கொட்டியிருக்க வேண்டும்.

மணி பத்தே கால். செம்பியன் எங்கே என்று தேடினேன். கரகம் எடுக்கும் நேரத்தில் அவன் வெளியே வரவே மாட்டான். வருடா வருடம் என் கடைக்குள்ளேயே உட்கார்ந்து ஆம்ப்ளிஃபயர் சூடாகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பான், லேப்டாப்பும் கையுமாக. நான் மைக்கிலேயே சொல்லிவிட்டேன்: "செம்பியனைக் கூப்பிடலாமா?"

நானூறு பேர் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தியதை அன்றுதான் கேட்டேன்.

ஜோதிலட்சுமி முதலில் நகர்ந்தாள். கடைக்குள் போய் புருஷனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அவனுக்கு முகம் வெளுத்திருந்தது. சுப்பம்மா மகளிடம், "அவுரு மேளத்தத் தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணிகிறாரு. அந்தப் பொட்டி மேளமா இல்லியான்னு கேளு" என்றாள்.

"தோலும் கெடையாது, குச்சியும் கெடையாதுன்னு சொல்லு," என்றான் செம்பியன் மனைவியிடம்.

அங்கேயே பஞ்சாயத்து கூடியது. தோல் இல்லாததால் மேளம் இல்லை என்று ஒரு கட்சி. சத்தம் வருவதால் மேளம்தான் என்று ஒரு கட்சி. அப்படிப் பார்த்தால் மிக்ஸியும் மேளம்தானே என்று கேட்டு ஜோதிலட்சுமி அதை முடித்து வைத்தாள்.

செம்பியன் என் ஸ்பீக்கர் பெட்டி மேல் லேப்டாப்பை வைத்து, அப்பாவின் அறுபத்து நான்கு அடிகளை எடுத்துப் போட்டுக் கட்டத்தில் அடுக்கினான். பத்து நிமிடத்தில் தாளம் தயார். ஸ்பீக்கரில் விட்டான். தணிகாசலம் கை தெளிவாகக் கேட்டது. ஆனால் சுப்பம்மா பஸ்ஸுக்கு நிற்பவளைப் போல நின்றாள்.

ஐந்து நிமிடம் கழித்து மகளிடம் சொன்னாள்: "அவுருகிட்ட சொல்லு. இது கிரைண்டர் ஓட்ற மாதிரி கீது. ஆத்தா வர மாட்டா, மாவுதான் வரும்."

செம்பியன் யோசித்தான். அந்த சாஃப்ட்வேரில், கட்டத்தில் அளந்து வைத்த அடிகளை அங்கே கொஞ்சம் முன்னால், இங்கே கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட ஒரு பட்டன் உண்டாம். மனிதன் அடித்த மாதிரி இருப்பதற்காக. அதை அழுத்தினான். தாளம் தள்ளாடிக்கொண்டு வந்தது. சுப்பம்மா ஒரு அடி எடுத்து வைத்து, தடுக்கி, அடிபம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, நிறுத்தச் சொல்லு," என்றாள். "இது அவுரே அடிக்கிற மாதிரி கீது."

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன், பொய் சொல்ல மாட்டேன். செம்பியன் மட்டும் சிரிக்கவில்லை. லேப்டாப்பை மூடப் போனான். அவன் கை பாதி மூடியைச் சாய்த்துவிட்டு அப்படியே நின்றது. பிறகு லேப்டாப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக மாமியார் முன்னால் போய் நின்றான். பதினொரு வருடத்தில் முதல் தடவை.

"அத்த, எங்கப்பா அடிக்கும்போது ஆத்தா எந்த அடில வருவா?"

சுப்பம்மா மகளைத் தேடினாள். மகள் வேண்டுமென்றே திரும்பிக்கொண்டாள். ஃப்ரிட்ஜும் பக்கத்தில் இல்லை. வேறு வழியில்லாமல் மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

"அடில எங்க வருவா," என்றாள். "உங்கப்பா மூணு அடிப்பாரு. நாலாவத முழுங்கிடுவாரு. அந்த முழுங்கற எடத்துலதான் உள்ள ஒரு மாதிரி ஆவும். அப்புறம் நான் கால எடுத்து வெக்கறதப் பார்த்துக்கினுதான் அடுத்தத அடிப்பாரு. நீ உன் பாட்டுக்கு அடிச்சிக்கினு போனா நான் எங்க வெக்கறது கால?"

"முழுங்கற அடி ஒவ்வொரு தடவையுமா, இல்ல ஒண்ணு விட்டு ஒண்ணா?"

"மொதல்ல ஒண்ணு விட்டு ஒண்ணு. சூடு ஏறிச்சின்னா எல்லாத்துலயும்."

"கடைசி அடி கனமா, லேசா?"

"லேசா. வெரலால."

நெற்றி நிறையக் குங்குமத்தோடு ஒருத்தியும், கையில் லேப்டாப்போடு ஒருவனும் அடிபம்பு ஓரமாக நின்று இப்படிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு விவரம் தெரிந்தவள் இத்தனை நாள் ஃப்ரிட்ஜோடு பேசி வீணடித்திருக்கிறாளே என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

செம்பியன் நாலாவது அடியைக் கட்டத்திலிருந்து அழித்தான். கடைசி அடியின் குச்சியைக் குட்டையாக்கினான். பிறகு வேகத்தை மவுஸில் விரலால் உருட்டும் சின்னச் சக்கரத்தோடு இணைத்துக்கொண்டான். மேலே உருட்டினால் வேகம் ஏறும், கீழே உருட்டினால் இறங்கும். இதற்குத் தாளம் தெரிய வேண்டியதில்லை, கண் இருந்தால் போதும். லேப்டாப்பையும் பேட்டரியையும் ஸ்பீக்கரோடு, சாமான் ஏற்றும் என் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏற்றி, அவனையும் ஏற்றி உட்கார வைத்தேன்.

தாளத்தை ஓட விட்டான். நாலாவது அடியை முழுங்கிய இடத்தில் தெருவே மூச்சைப் பிடித்தது. செம்பியன் திரையைப் பார்க்கவில்லை, சுப்பம்மாவின் கால் கட்டை விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். விரல் மண்ணில் அழுந்தியது. சக்கரத்தை இம்மி உருட்டினான். வேப்பிலை நடுங்கியது. இன்னொரு இம்மி. சுப்பம்மா வாயிலிருந்து வந்த சத்தத்தில் போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டார். அம்மன் வந்துவிட்டாள்.

அதே நேரம் என் போன் அடித்தது. வெள்ளைச்சாமி. "அண்ணே, இங்க ஆத்தா இப்பதான் மலையேறிச்சு, கெளம்பட்டுமா?" என்றார். நீங்கள் வர வேண்டாம், அவள் ஏற்கெனவே வந்துவிட்டாள் என்று சொல்லிப் போனைப் பையில் போட்டேன். கரகம் தலையில் ஏறியது. வண்டியை நான் தள்ளினேன். ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு இது தேவையா என்று அப்போது தோன்றவில்லை, மறுநாள் முதுகு சொன்னது.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, நடுத் தெருவில் இருக்கும் வேகத்தடை வரும் வரை. வண்டி ஏறி இறங்கியதில் செம்பியன் விரல் சக்கரத்தில் வழுக்கியது. தாளம் குதிரைப் பாய்ச்சலில் எகிறியது. அம்மன் ஓடினாள். பின்னால் நானூறு பேர் ஓடினார்கள். சொம்புகள் உருண்டன. போக்குவரத்தை நிறுத்த வேண்டிய போலீஸ்காரர் எல்லோருக்கும் முன்னால் ஓடினார். நான் வண்டியைத் தள்ளினேனா, வண்டி என்னை இழுத்ததா என்று தெரியவில்லை. செம்பியன் வேகத்தைக் குறைக்கத் தைரியம் இல்லாமல் விறைத்து உட்கார்ந்திருந்தான். குறைக்கப் போய் அம்மன் கோபித்துக்கொண்டு மறுபடி போய்விட்டால் என்ன செய்வது? கோயிலைத் தாண்டி, மாவு மில்லையும் தாண்டிய பிறகுதான் அவனுக்குத் தெம்பு வந்து, நகத்தால் தொட்டுத் தொட்டுச் சக்கரத்தைக் கீழே இறக்கினான். அம்மன் நிதானத்துக்கு வந்து, திரும்பி, கோயிலுக்கு நடந்தாள். இவ்வளவு ஓட்டத்திலும் கரகம் ஒரு விரற்கடை அசையவில்லை.

கோயில் வாசலில் கரகம் இறங்கியது. மணி பதினொன்று ஐம்பது. அம்மன் மலையேறுவதற்கு முன்னால் குறை கேட்பது வழக்கம். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று நான் மைக்கை அவள் வாய்க்கு நேராகப் பிடிப்பதும் வழக்கம். பெரியவர்கள் மழையைக் கேட்டார்கள், வரும் என்றாள். பட்டா கேட்டார்கள், அதற்கு உறுமினாள். கடைசியாக ஜோதிலட்சுமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"தாயே, இருபத்திரண்டு வருசம் முன்னாடி இவுரு பம்பை அடிச்சாருன்னு பாதி வயில கோச்சிக்கினு போனியே. அந்தக் கோவம் இன்னும் கீதா? இன்னிக்கு நீ வாயத் தொறந்து சொல்லிட்டுத்தான் போவணும்."

வண்டியில் உட்கார்ந்திருந்த செம்பியன் தலையைக் குனிந்துகொண்டான்.

அம்மன் சிரித்தாள். கற்பூரத் தட்டு நடுங்கியது.

"நான் எங்கடி போனேன்? வந்தாதானடி போறதுக்கு. அன்னிக்கு நான் வரவே இல்ல."

எட்டு ஸ்பீக்கரிலும் கேட்டது. எல்லாம் முந்தின மாதம்தான் சர்வீஸ் செய்தவை, ஒரு எழுத்து தேயவில்லை. சொல்லி முடித்ததும் எரியும் கற்பூரத்தை வாயில் போட்டுக்கொண்டு அம்மன் மலையேறினாள். சுப்பம்மா துவண்டு மகள் மேல் சாய்ந்தாள்.

நானூறு பேரும் அப்படியே நின்றோம். அன்றைக்கு அம்மன் வரவே இல்லை என்றால், கரகத்தைத் தூக்கிக்கொண்டு பாதி வழி ஆடி வந்தது யார்? பையன் அடித்த தாளத்தில் கால் வைக்க முடியாமல் நின்றது யார்? இருபத்திரண்டு வருடமாக ஒரு பையனை இப்படிக் கூப்பிட்ட நாங்கள் எல்லோரும் யார்? எனக்கு வெட்கமாக இருந்தது. பேசியது அம்மன்தானா, வேறு எந்த வாயாலும் சொல்ல முடியாததைச் சுப்பம்மா இந்த வாயால் சொன்னாளா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் மைக் பிடிப்பவன்.

கூழ் ஊற்ற ஆரம்பித்தார்கள். சுப்பம்மா முகம் கழுவி, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். அருள் வந்தபோது சொன்னது எதுவும் அவளுக்கு நினைவிருக்காது, எப்போதும் மற்றவர்கள்தான் சொல்ல வேண்டும்.

"ஆத்தா இன்னா சொன்னா?" என்று பூசாரியைக் கேட்டாள். பூசாரி விபூதித் தட்டோடு உள்ளே போய்விட்டார். என்னைக் கேட்டாள். நான் ஒயர் சுருட்ட ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டுக்காரி கூழுக்கு வெங்காயம் வேண்டும் என்று எழுந்து போனாள். ஜோதிலட்சுமி சொல்லிவிடுவாள் போல வாயைத் திறந்தாள். செம்பியன் அவள் தோளைத் தொட்டு நிறுத்தினான்.

சுப்பம்மா அவனை நிமிர்ந்து பார்த்தாள். "நீயாச்சும் சொல்லு மாப்ள. ஆத்தா இன்னா சொன்னா?"

தெரு முழுக்கக் காது கொடுத்துக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வருடப் பழியை அவளிடமே திருப்பிக் கொடுக்க ஒரு வார்த்தை போதும் அவனுக்கு. அவன் சொல்ல வேண்டும் என்றுதான் நான் வேண்டிக்கொண்டேன், மனமாரச் சொல்கிறேன்.

"என்னை மன்னிச்சிட்டேன்னு சொன்னா அத்த," என்றான் செம்பியன்.

சுப்பம்மா தன் கூழ்ச் சொம்பை அவன் கையில் கொடுத்தாள்.

"அப்ப சரி," என்றாள். "நானும் மன்னிச்சிட்டேன்."

நாங்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு கூழைக் குடித்தோம்.